எலும்புக்குள் இருக்கும் ஈரம்

எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பு கறுப்பாகத்தான் இருக்கும். எக்ஸ்-ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிற அதே எலும்பின் கெட்டியான மேல்பகுதி, எம்.ஆர்.ஐ.யில் வெறும் கறுப்புக் கோடு. அதில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்பது இந்தக் கருவிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும், எலும்பிலும் மூட்டிலும் வரும் அபூர்வ நோய்கள் எக்ஸ்-ரேக்குப் பிடிகொடுக்காதபோது மருத்துவர்கள் நாடுவது இதைத்தான். எலும்பையே சரியாகக் காட்டாத கருவி எலும்பு நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விடை எலும்பின் உள்ளே இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் கம்பியில் தொங்கும் எலும்புக்கூடு காய்ந்துபோன தாது. உயிருள்ள எலும்பின் நடுவே மஜ்ஜை இருக்கிறது. மஜ்ஜையில் கொழுப்பு, ரத்த அணுக்களை உருவாக்கும் செல்கள், நுண்ணிய ரத்தக்குழாய்கள், நீர். மூட்டைச் சுற்றிக் குருத்தெலும்பு, மூட்டுச் சவ்வு, தசைநார், மூட்டு நீர். நோய் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இந்த ஈரமான பகுதிகளில். தாதுச்சத்து கரைவது அதற்குப் பிறகு. அதுவும் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்தால்தான் சாதாரண எக்ஸ்-ரேயில் கண்ணுக்குத் தெரியும். நோய் தொடங்கியதற்கும் எக்ஸ்-ரேயில் தெரிவதற்கும் நடுவே வாரங்கள் ஓடலாம், மாதங்களும் ஓடலாம். எம்.ஆர்.ஐ.யின் பயன் அந்த இடைவெளியில்தான்.

பத்து லட்சத்துக்கு ஐந்து

நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு நுண்ணிய காந்தம்போல நடந்துகொள்ளும். சாதாரணமாக அவை திசைக்கொன்றாகத் திரும்பிக் கிடக்கும். வலுவான காந்தப்புலத்துக்குள் கொண்டுபோனால், வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டிச் சுற்றுவதுபோல, புலத்தின் அச்சைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும்.

மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் ஒரு புரோட்டான் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுற்றும். வானொலிக்காரர்கள் கணக்கில் 64 மெகாஹெர்ட்ஸ், அதாவது நாம் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். அலைவரிசைக்குச் சற்றுக் கீழே. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு நிலை பிறழும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது அவையே ஒரு மெல்லிய ரேடியோ சமிக்ஞையை வெளியிடும். உடலைச் சுற்றி வைத்திருக்கும் சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்-ரேக்கும் சி.டி.க்கும் உரிய கதிர்வீச்சு இதில் எங்கும் இல்லை.

காந்தப்புலத்தின் பக்கம் திரும்பும் புரோட்டான்களும் அதற்கு எதிராகத் திரும்புபவையும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருக்கும். ஒன்றையொன்று கழித்துவிட்டால் மிஞ்சுவது பத்து லட்சத்துக்கு வெறும் ஐந்து. படத்துக்கான மூலதனம் அவ்வளவுதான். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் நீரில் மட்டும் இப்படி மிஞ்சுகிற புரோட்டான்கள் மூன்று கோடி கோடிக்கு மேல். அதனால் சமிக்ஞை கிடைத்துவிடுகிறது.

1946-ல் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இந்த நிகழ்வைக் கண்டறிந்தன. இருவருக்கும் 1952-ல் இயற்பியல் நோபல் பரிசு. அப்போது அது வேதியியல் ஆய்வகத்துச் சங்கதி. சமிக்ஞை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. காந்தப்புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாக மாற்றினால், ஒவ்வொரு இடத்துப் புரோட்டானும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். வேகத்தை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம் என்று பால் லாட்டர்பர் யோசித்தார். 1973-ல் அவர் வெளியிட்ட முதல் படம் இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களின் குறுக்குவெட்டு. இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகமாகச் செய்ய வழி கண்டார். இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஸ்கேன் அறையில் கேட்கும் ‘டொக் டொக்’ சத்தம் லாட்டர்பர் யோசனையின் விளைவுதான்: காந்தப்புலத்தை மாற்றும் சுருள்களில் மின்சாரம் மாறிமாறிப் பாயும்போது அவை அதிர்கின்றன.

கறுப்பும் வெள்ளையும்

ரேடியோ அலை நின்றபின் புரோட்டான் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் திசுவுக்குத் திசு வேறுபடும். கொழுப்பு சீக்கிரம் திரும்பும்; நீர் நிதானமாகத் திரும்பும். கெட்டியான எலும்பில் உள்ள சொற்ப நீர் தாதுவோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதன் சமிக்ஞை ஒரு மில்லிநொடிக்குள் அடங்கிவிடும். வழக்கமான படமுறை கேட்கத் தொடங்கும்போது அங்கே சத்தமே இருக்காது. எலும்பு கறுப்பாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

எந்த நொடியில் அலையைச் செலுத்துவது, எந்த நொடியில் சமிக்ஞையைக் கேட்பது என்பதை மாற்றி மாற்றி ஒரே இடத்தைப் பல விதமாகப் படம் எடுக்கலாம். டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். டி2 படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். ஸ்டிர் என்ற மூன்றாவது முறை கொழுப்பின் சமிக்ஞை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைப் பார்த்து எடுக்கப்படுவது. கொழுப்பு முழுவதும் கறுத்துப்போய், நீர் சேர்ந்த இடம் மட்டும் விளக்கு ஏற்றினாற்போல நிற்கும். ஒவ்வொரு படமுறையும் உடலிடம் கேட்கும் ஒரு கேள்வி: இங்கே கொழுப்பு இருக்கிறதா? நீர் கோத்திருக்கிறதா? ரத்தம் வருகிறதா? இரும்பு படிந்திருக்கிறதா? அபூர்வ நோயைக் கண்டுபிடிப்பது எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

குழந்தை பிறக்கும்போது அதன் எலும்புகளில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு மஜ்ஜை. வளர வளர, கை கால் விரல் நுனியிலிருந்து உடலின் நடுவை நோக்கிச் சிவப்பு மஜ்ஜை கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜையாக மாறிக்கொண்டே வரும். சுமார் 25 வயதில் இந்த மாற்றம் நிலைபெறும். ஆகவே, பெரியவர் ஒருவரின் டி1 படத்தில் தொடை எலும்பின் உட்பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும். ரேடியாலஜிஸ்டுகள் கைவசம் வைத்திருக்கும் எளிய விதி ஒன்று உண்டு: டி1 படத்தில் மஜ்ஜை பக்கத்துத் தசையைவிடக் கறுத்திருந்தால் சந்தேகப்படு. கொழுப்பைத் தள்ளிவிட்டு வேறு ஏதோ அங்கே குடியேறியிருக்கிறது.

கோஷே நோய் அதற்கு நல்ல உதாரணம். 1882-ல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இந்தப் பரம்பரை நோயில், ஒரு நொதியின் குறைபாட்டால் ஒருவகைக் கொழுப்புப் பொருள் சிதையாமல் செல்களுக்குள் தேங்குகிறது. அந்தச் செல்கள் மண்ணீரலையும் மஜ்ஜையையும் அடைத்துக்கொள்ளும். மஜ்ஜை கறுக்கும், தொடை எலும்பின் கீழ்முனை அகன்று குடுவை போலாகும், எலும்பு தாங்கமுடியாமல் வலிக்கும். குறைபட்ட நொதியை ஊசி மூலம் தரும் சிகிச்சை 1991 முதல் இருக்கிறது. சிகிச்சை பலிக்கிறதா என்று அறிய மஜ்ஜையை மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். கறுத்த இடத்தில் மெல்ல மெல்ல வெண்மை திரும்பினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

ஒரே வலி, இரண்டு நோய்கள்

கவட்டையில் வலி, நடந்தால் நொண்டல், எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வரும் நோயாளியிடம் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம்.

ஒன்று, ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துப்போவது. நீண்டநாள் ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய மது, அடிபட்ட காயம் ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். அரிவாள் செல் ரத்தசோகையும் ஒரு காரணம். வளைந்த ரத்தச் சிவப்பணுக்கள் எலும்பின் நுண்குழாய்களை அடைத்துவிடும். இந்தியாவில் அரிவாள் செல் இருப்பது முதன்முதலில் 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டறியப்பட்டது என்பதால் நமக்கு இது தூரத்து நோய் அல்ல. எம்.ஆர்.ஐ.யில் இறந்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் எல்லையாக ஒரு கோடு வளைந்து ஓடும். டி2 படத்தில் அதை உற்றுப் பார்த்தால் அது ஒன்றல்ல, ஒட்டி ஓடும் இரண்டு கோடுகள்: வெளிப்புறம் ஒரு கறுப்புக் கோடு, உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு. உயிருள்ள எலும்பு தன் பக்கத்தில் புதிதாக எலும்பைக் கெட்டிப்படுத்துவது கறுப்பாகவும், செத்த பகுதிக்குள் ஊடுருவப் பார்க்கும் புதிய ரத்தக்குழாய்த் திசு வெள்ளையாகவும் தெரிகின்றன. உடல் எல்லைச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறது. எலும்புத்தலை அமுங்கிப்போவதற்கு முன் இது தெரிந்தால், துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையை முயன்று பார்க்கலாம். அமுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான்.

இன்னொன்று, தானாக வந்து தானாகப் போகும் நோய். 1959-ல் கர்டிஸ், கின்கெய்டு என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இடுப்பு வலியோடு வந்த மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். மூவரின் இடுப்பு எலும்பும் எக்ஸ்-ரேயில் அடர்த்தி குறைந்து மங்கியிருந்தது. பிறகு எல்லாம் பழையபடி ஆனது. நடுத்தர வயது ஆண்களுக்கும் இது வரும் என்று பின்னர் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. வந்தபின்தான் உள்ளே நடப்பது புரிந்தது: தொடை எலும்பின் தலையும் கழுத்தும் முழுவதும் நீர் கோத்து, ஸ்டிர் படத்தில் மொத்தமாக வெளுத்திருக்கும். எல்லைக் கோடு இருக்காது, செத்த பகுதியும் இருக்காது. காலில் பாரம் போடாமல் பார்த்துக்கொண்டு, எலும்பு முறியாமல் காத்தால், பொதுவாக 6 முதல் 12 மாதங்களில் சரியாகிவிடும்.

ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். மற்றவருக்கு ஊன்றுகோலும் பொறுமையும் போதும். இருவரையும் பிரிப்பது அந்த மெல்லிய வளைகோடு ஒன்றுதான்.

குழந்தைகளிடம் இதே எலும்புத்தலை ரத்தம் கிடைக்காமல் நலிவது பெர்தெஸ் நோய். அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்தெஸ் ஆகிய மூவரும் 1910-ல் தனித்தனியே இதைப் பிரித்துக் காட்டினார்கள். அதுவரை இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பில் காசநோய் என்றே நினைத்திருந்தார்கள். அன்று அவர்களுக்கு உதவியது புதிதாக வந்திருந்த எக்ஸ்-ரே. இன்று கடோலினியம் மருந்தை ரத்தத்தில் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால், எலும்புத்தலையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது, எதற்குப் போகவில்லை என்பதை நோயின் தொடக்கத்திலேயே பார்க்க முடிகிறது.

முழங்காலுக்குள் இரும்பு

முப்பது வயதில் ஒரு முழங்கால் மட்டும் அடிக்கடி வீங்கும். ஊசி போட்டு நீரை எடுத்தால் பழுப்பு நிறத்தில் ரத்தம் கலந்து வரும். அடிபட்ட நினைவு இருக்காது. 1941-ல் ஜாஃபி, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ ஆகிய மூவரும் நியூயார்க்கில் இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். இன்று இதை மூட்டுச் சவ்வில் வரும் ராட்சத செல் கட்டி என்கிறார்கள். புற்றுநோயாக மாறுவது அபூர்வம். ஆனால் மூட்டை அரித்துவிடும். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்கே புதிதாக வரும்.

இந்தக் கட்டியில் உண்மையான கட்டிச் செல்கள் சிறுபான்மை. அவை சி.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரந்து, உடலின் சாதாரண நோய் எதிர்ப்புச் செல்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துக்கொள்ளும். கட்டியின் பருமனில் பெரும்பகுதி அழைக்கப்பட்டு வந்தவை. இந்தச் சவ்வு எளிதில் ரத்தம் கசியும். கசிந்த ரத்தத்தின் இரும்பை அந்தச் செல்கள் விழுங்கிச் சேர்த்துவைக்கும்.

இரும்பு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் சீராக இருக்காது. அக்கம்பக்கத்துப் புரோட்டான்கள் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றி ஒழுங்கு கலைந்துபோகும், சமிக்ஞை செத்துவிடும். வழக்கமான படமுறையில் இந்தக் கலைவைத் திருத்த ஒரு வழி இருக்கிறது: நடுவில் இன்னொரு ரேடியோ துடிப்பைச் செலுத்தி, பிந்தியவர்களையும் முந்தியவர்களையும் மீண்டும் ஒன்றுசேர்ப்பது. எர்வின் ஹான் 1950-ல் கண்டுபிடித்த உத்தி அது. கிரேடியன்ட் எக்கோ என்ற படமுறை வேண்டுமென்றே இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டுவிடுகிறது. அப்போது இரும்பு படிந்த இடம் இருப்பதைவிடப் பெரிதாக, மை ஊறியதுபோல், கறுத்துப் பரவித் தெரியும். முழங்கால் முழுக்க அப்படிக் கறுத்த முடிச்சுகள் இருந்தால் நோய் ஏறக்குறைய தன் பெயரைச் சொல்லிவிட்டது. இந்த ஒரு படமுறையைச் சேர்க்காமல் விட்டால், அதே மூட்டு சாதாரண மூட்டுவாத வீக்கமாகத் தோன்றி ஏமாற்றக்கூடும்.

ஆனாலும் அவசரப்படக் கூடாது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளியின் மூட்டிலும் அடிக்கடி ரத்தம் கசிந்து இதே கறுப்பு படியும். படம் இரும்பைக் காட்டும். இரும்பு அங்கே ஏன் வந்தது என்பதைக் குடும்பத்தில் யாருக்காவது ரத்தப்போக்கு நோய் உண்டா என்ற கேள்விதான் காட்டும். அறுவைச் சிகிச்சைக்கு இடம்கொடுக்காத கட்டிகளுக்கு, சி.எஸ்.எஃப்.1 அழைப்பைத் தடுக்கும் முதல் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது.

இதே முழங்கால் வீக்கம் முற்றிலும் சாதுவான இன்னொரு காரணத்தாலும் வரலாம். மூட்டுச் சவ்வு கொழுப்பு நிறைந்த கிளை கிளையான தளிர்களாக வளர்ந்து மூட்டு நீரில் மிதந்துகொண்டிருக்கும். டி1 படத்தில் அந்தத் தளிர்கள் வெள்ளை. கொழுப்பை அணைக்கும் படத்தில் மொத்தமும் கறுப்பு. வேறு எந்த நோயும் இப்படி நடந்துகொள்ளாது. இரண்டு படங்களை அருகருகே வைத்த மாத்திரத்தில் முடிவு சொல்லிவிடலாம். சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மதுரையின் பெயரில் ஒரு நோய்

1842-ல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், அங்குள்ளவர்களின் பாதங்களில் ஒரு விசித்திர வீக்கத்தைக் கண்டு எழுதிவைத்தார். உலக மருத்துவ நூல்களில் அது மதுரைப் பாதம் என்றே நிலைத்துவிட்டது. நோயை உண்டாக்கும் பூஞ்சை இனம் ஒன்றுக்கும் பாக்டீரியா இனம் ஒன்றுக்கும்கூட மதுரையின் பெயர்தான்: மதுரெல்லா, ஆக்டினோமதுரா. பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860 வாக்கில் இது பூஞ்சையால் வருவது என்று விளக்கி மைசெட்டோமா என்று பெயரிட்டார். உடற்கூறியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ‘கிரேஸ் அனாட்டமி’ நூலின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவரும் அவரே.

செருப்பில்லாமல் வயலில் நடக்கும் காலில் முள் குத்தும். முள்ளோடு மண்ணில் உள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போகும். பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பாதம் வீங்கும். வலி அதிகம் இருக்காது. அதனால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. பிறகு தோலில் துளைகள் விழுந்து, அவற்றின் வழியே சீழோடு சின்னச் சின்ன மணிகள் வெளியே வரும். அந்த மணிகள்தான் நுண்ணுயிர்களின் குடியிருப்புகள். கறுப்பு மணி என்றால் பூஞ்சை. வெள்ளை, மஞ்சள் மணிகள் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். காலப்போக்கில் நோய் பாதத்தின் எலும்புகளைத் துளைத்து மூட்டுகளையும் சிதைக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் இந்தப் பாதத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டி2 படத்தில் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் வெள்ளை வட்டங்கள் நெருக்கமாகக் கிடக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு. வட்டத்தின் நட்டநடுவே ஒரு கறுப்புப் புள்ளி. வெள்ளை வட்டம் அழற்சித் திசு. விளிம்பு அதைச் சுற்றி உடல் போட்ட நார்த்திசு வேலி. நடுப்புள்ளி நுண்ணுயிரின் மணி. தோலில் துளை விழுந்து மணி வெளியே வருவதற்கு முன்பே, உள்ளே இருக்கும் மணியைப் படத்தில் எண்ணிவிடலாம். ‘வட்டத்துக்குள் புள்ளி’ என்ற இந்த அடையாளம் 2003-ல் மருத்துவ இதழில் வெளியானது. இதைப் போன்ற தோற்றம் மற்ற நோய்களில் வருவது மிக அரிது. எலும்புக்குள் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் அதே படத்தில் தெரியும். அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு அந்த எல்லை தெரிய வேண்டும்.

பூஞ்சையா பாக்டீரியாவா என்பதைப் படம் சொல்லாது. அதற்கு மணியை எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் மருந்துகள் நன்றாகவே கேட்கும். பூஞ்சை என்றால் நீண்ட மருந்தும் கத்தியும் சேர்ந்துதான் வழி. உலக சுகாதார அமைப்பு மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் 2016-ல்தான் சேர்த்தது. மதுரையில் எழுதிவைக்கப்பட்டு 174 ஆண்டுகள் கழித்து!

உடல் முழுக்க ஒரே படம், ஊசி படக் கூடாத உடல்

பத்து வயதுச் சிறுமிக்குக் காறை எலும்பு வீங்கி வலிக்கிறது. எலும்பில் சீழ் என்று ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை, மருந்தும் கேட்கவில்லை. சில மாதங்களில் கணுக்கால் வலிக்கிறது. கிருமியே இல்லாமல், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறால் எலும்பு அழற்சி கொள்ளும் நோய் ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கதிரியல் மருத்துவர் ஆண்ட்ரெஸ் கீடியனும் சகாக்களும் 1972-ல் அதை விவரித்தார்கள்.

இதன் தனித்தன்மை, ஒரே நேரத்தில் பல எலும்புகளில் இருப்பது. சில இடங்களில் வலியே இல்லாமல் இருப்பது. தலை முதல் கால் வரை ஸ்டிர் படம் எடுத்தால், குழந்தை சொல்லாத இடங்களும் வெளுத்து நிற்கும்: முதுகெலும்பில் ஒன்று, கெண்டைக்கால் எலும்பின் முனையில் ஒன்று. இந்தப் பரவல்தான் நோயின் கையெழுத்து. முதுகெலும்பில் இருப்பதை முன்கூட்டியே கண்டால் அது அமுங்கிப்போவதற்குள் சிகிச்சையை மாற்றலாம். கதிர்வீச்சு இல்லை என்பதால் வளரும் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கலாம். காசநோயும் ரத்தப் புற்றுநோயும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்த நோய் என்று முடிவுசெய்ய வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

படம் என்ன சொன்னாலும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டிய நோயும் உண்டு. பத்து முதல் இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் எஃப்.ஓ.பி. என்ற நோயில் தசையும் தசைநாரும் சிறிது சிறிதாக எலும்பாக மாறும். ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குழந்தையின் முதுகில் திடீரென்று வீக்கம் வரும், எம்.ஆர்.ஐ.யில் தசை முழுக்க நீர் கோத்து வெளுத்திருக்கும். பார்ப்பவருக்குப் புற்றுக்கட்டி என்று தோன்றும். அடுத்து சதைத்துணுக்கு எடுக்கச் சொல்வார். இந்த நோயில் வெட்டுக்காயம் மட்டுமல்ல, தசையில் போடும் ஊசிகூடப் புதிய எலும்பு முளைக்கத் தூண்டுகோல். தப்பிக்கும் வழி ஸ்கேன் அறையில் இல்லை, குழந்தையின் பாதத்தில் இருக்கிறது: ஏறக்குறைய எல்லா எஃப்.ஓ.பி. குழந்தைகளுக்கும் பிறக்கும்போதே கால் கட்டைவிரல் குட்டையாகவும் உள்நோக்கி வளைந்தும் இருக்கும். முதுகின் படத்தைப் பார்க்கும் மருத்துவர் காலுறையைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காசநோய், கட்டி, விரிசல், அழற்சி, அதிக ஓட்டம், எல்லாமே ஸ்டிர் படத்தில் வெள்ளைதான். சமீபத்தில் பிரசவித்த தாய்மார்களிடமும் தினமும் ஓடுகிறவர்களிடமும் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேரும் மூட்டுகளில், நோய் எதுவும் இல்லாமலே, முதுகுத்தண்டு வாதத்தில் காண்பது போன்ற வெளுப்பு தெரியலாம். அந்தப் படத்தை மட்டும் வைத்து ஆயுட்கால மருந்தைத் தொடங்கினால் அது மருத்துவம் அல்ல.

ஜாஃபி 1935-ல் விவரித்த ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னஞ்சிறு கட்டி எம்.ஆர்.ஐ.யைக் குழப்புவதில் பேர்போனது. கட்டியின் கரு பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அதைச் சுற்றி மஜ்ஜை நெடுந்தூரம் நீர் கோத்துக்கொள்ளும். படத்தில் பெரிய வெண்மையைப் பார்த்துச் சீழ் என்றோ புற்று என்றோ பயந்துவிடுகிறார்கள். மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. அந்தக் கருவைத் துல்லியமாகக் காட்டிவிடும். இரவில் வலி கூடும், ஆஸ்பிரின் போட்டால் சட்டென்று குறையும் என்ற ஒற்றை வாக்கியத்தை நோயாளியிடம் கேட்டு வாங்கியிருந்தால், எந்த ஸ்கேன் எடுப்பது என்பது முதலிலேயே தெரிந்திருக்கும்.

எலும்புக் கட்டிகள் விஷயத்தில் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுகள் சாதாரண எக்ஸ்-ரே இல்லாமல் எம்.ஆர்.ஐ.யைப் படிக்க மறுப்பதற்குக் காரணம் இதுதான். கட்டி வேகமாக வளர்கிறதா, எலும்பு அதைச் சமாளிக்கிறதா என்பதைத் தாதுவின் வடிவம் சொல்லும். எங்கே பரவியிருக்கிறது என்பதை ஈரம் சொல்லும். சில நூறு ரூபாய் எக்ஸ்-ரேயைத் தவிர்த்துவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் எம்.ஆர்.ஐ.க்கு நேரே ஓடுவதில் லாபம் இல்லை.

ஸ்கேனுக்குப் போகும் முன்

எம்.ஆர்.ஐ. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தெந்தப் படமுறைகளை எடுப்பது என்பதை முடிவுசெய்வது மருத்துவர் எழுதும் பரிந்துரைச் சீட்டின் இரண்டு வரிகள். ‘முழங்கால் வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்கமான படங்களோடு முடிந்துவிடும். ‘திரும்பத் திரும்ப ரத்தம் கலந்த வீக்கம்’ என்று எழுதியிருந்தால் இரும்பைத் தேடும் படமுறையும் சேரும். ‘மூன்று இடங்களில் வலி, காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாடிக் கேட்கவில்லை’ என்று இருந்தால் உடல் முழுக்க எடுப்பது பற்றி யோசிப்பார்கள்.

அந்த இரண்டு வரிகளுக்கான செய்தி உங்களிடம்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு எவ்வளவு நாள் சாப்பிட்டீர்கள், பெயர் தெரியாத மாத்திரையோ லேகியமோ எடுத்துக்கொண்டதுண்டா, வீட்டில் யாருக்காவது காசநோயோ ரத்தப்போக்கு நோயோ இருந்ததா, எப்போதோ காலில் முள் குத்தியதா, வலி இரவில் கூடுகிறதா என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லுங்கள். பழைய எக்ஸ்-ரே ஃபிலிம்களையும் முந்தைய ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த கிளிப், கண்ணில் எப்போதோ பட்ட இரும்புத்தூள் பற்றி ஊழியர் கேட்கும்போது யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்தக் காந்தத்தை ஸ்கேன் இல்லாத நேரத்திலும் யாரும் அணைத்துவைப்பதில்லை. ரிப்போர்ட்டில் ‘மஜ்ஜையில் நீர்க்கோப்பு’ என்று ஒரு வரி இருந்தால் கலங்க வேண்டாம், கூகுளில் தேடவும் வேண்டாம். ‘இது எதனால் வந்திருக்கலாம்? என் உடம்பைப் பார்த்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.